ராகு காலம் பார்க்கும் பொத்தான்

சுகன்யாவுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் காகிதத்தின் மேல்தான் வரும். மனிதர்கள் மேல் கோபித்துக்கொண்டால் அவர்கள் திருப்பிப் பேசுவார்கள். பிறகு சமாதானம் ஆக வேண்டும். அதற்கு யாராவது முதலில் இறங்கி வர வேண்டும். காகிதத்தோடு அந்த வம்பெல்லாம் இல்லை. "நீயெல்லாம் ஒரு காயிதமா?" என்று கேட்டு, கசக்கிக் கூடையில் போட்டால் சண்டை முடிந்தது.

எடப்பாடிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிப் பட்டறையில் வெல்டராக இருக்கும் மணிமாறனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வயது நாற்பதைத் தொட்டாயிற்று. ஒரே மகள் இலக்கியா சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மாமியார், நாத்தனார் தொல்லை கிடையாது. புருஷன் குடிப்பதில்லை. குறை என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் இருந்ததில்லை. ஊர்ப் பெண்கள் கூடி உட்கார்ந்து குறை சொல்லும் நேரத்தில் அவள் கையைப் பிசைந்துகொண்டு, "எங்கூட்டுக் குழாயில தண்ணி கொஞ்சம் மெதுவாத்தான் வருது" என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றுவாள்.

வேலை, நாமக்கல் போகிற சாலையில் சின்னண்ணன் என்பவரின் கோழிப்பண்ணை அலுவலகத்தில். சின்னண்ணன் அந்தப் பக்கத்தில் நாலு தலைமுறையாகக் காடு தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். அறுபதைத் தாண்டியவர். முட்டைக்கோழிப் பண்ணை வைத்து நன்றாகத்தான் இருக்கிறார். அலுவலகம் என்றால் தீவன மில்லுக்குப் பக்கத்தில் ஒரு அறை. மக்காச்சோளத் தூசி மேசையில் படியும். துடைத்தால் மறுபடி படியும். அங்கே கணக்கும் சுகன்யாதான், கம்ப்யூட்டரும் சுகன்யாதான், கோழி டாக்டர் வந்தால் டீ சொல்லி அனுப்புவதும் சுகன்யாதான்.

பண்ணையில் மொத்தம் இருபத்தெட்டு ஷெட். ஒவ்வொரு ஷெட்டுக்கும் வாரா வாரம் ஒரு காகிதம் போக வேண்டும். எந்த நாள் எவ்வளவு தீவனம், எந்த நாள் எந்தத் தடுப்பூசி, முட்டை எத்தனை, செத்த கோழி எத்தனை என்று கட்டம் கட்டி இருக்கும். ஷெட் வாசலில் ஆணியில் மாட்டிவிடுவார்கள். வேலை பார்க்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தீவனம் போடுவார்கள், அதிலேயே பேனாவால் எழுதியும் வைப்பார்கள். எளிய ஏற்பாடு. ஆனால் எளிய ஏற்பாட்டுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி முதுகு ஒடிகிறாள் என்பது ஆணிக்குத் தெரியாது.

பண்ணைக் கணக்கு வைக்கிற மென்பொருள் வாராவாரம் புத்தம் புதிதாக ஒரு எக்செல் கோப்பைக் கக்கும். ஷெட்டுக்கு ஒரு தாள். போன வாரம் சுகன்யா பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த பக்க அமைப்பு எதுவும் அதில் இருக்காது. பிறந்த குழந்தை மாதிரி அம்மணமாக வந்து நிற்கும். அப்படியே பிரிண்ட் கொடுத்தால் கடைசிக் கட்டம் மட்டும் இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கடைசிக் கட்டம் எது? செத்த கோழி. உயிரோடு இருக்கிற கோழிக்கெல்லாம் சேர்த்து ஒரு காகிதம், செத்த கோழிக்கு மட்டும் தனியாக ஒரு காகிதம்! அந்த இரண்டாவது காகிதம் ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. காகிதம் கொண்டுபோகிற தீவன லாரிக்காரர் அதில் வடையைப் பொதிந்து சாப்பிட்டு எறிந்துவிடுவார்.

ஆகவே சுகன்யா ஒவ்வொரு தாளாகத் திறந்து, பக்கத்தைப் படுக்கைவாட்டில் திருப்பி, அகலம் முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கும்படி சுருக்கி, ஆணி குத்துவதற்கு மேலே இடம் விட்டு, தலைப்பு வரி எல்லாப் பக்கத்திலும் வரும்படி சொல்லி, அடியில் ஷெட் எண்ணைப் போட்டு, முன்னோட்டம் பார்த்துப் பிரிண்ட் கொடுப்பாள். பிறகு அடுத்த தாள். இப்படி இருபத்தெட்டு. வாரத்துக்கு ஒருமுறை என்று பேர்தான்; டாக்டர் ஊசித் தேதியை மாற்றினால் மறுபடி, தீவனக் கலவை மாறினால் மறுபடி. வாரத்தில் பாதி நாள் அவள் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது தெருவிளக்கு எரிந்துவிடும். அதற்காக அவள் வருந்தியதும் இல்லை. வேலை என்றால் இப்படித்தான் என்று இருந்தாள்.

அப்படி இருந்தவளை வள்ளிக்கும்மி வந்து கெடுத்தது.

பக்கத்து வீட்டு முத்தாயம்மாள்தான் காரணம். அறுபது வயதுக்காரி, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஒரு நாள், "கும்மி ஆடப் போறேன், நீயும் வா கண்ணு" என்றாள். சுகன்யா சிரித்தாள். வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் என்று போனாள். கோயில் மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் வட்டம் கட்டி நின்றார்கள். கும்மி வாத்தியார் ரமேஷ்குமார் பாட ஆரம்பித்தார். வட்டம் குனிந்து நிமிர்ந்து சுற்ற ஆரம்பித்தது. ஓரத்தில் நின்றிருந்த சுகன்யாவின் கால், அவளைக் கேட்காமல் தாளம் போட்டது. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஆடியதற்குப் பிறகு அந்தக் கால் நடந்திருக்கிறது, ஓடியிருக்கிறது, பஸ்ஸில் நின்றிருக்கிறது; ஆடியதில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்கு இது வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அவள் எதையும் அப்படி வேண்டும் என்று நினைத்து வெகு காலம் ஆகியிருந்தது.

"ஆடேன். ஆரு வேண்டாங்கறது?" என்றான் மணிமாறன். "ஆனா நீ ஊட்டுக்கு வர்ற நேரத்துக்கு அங்க கும்மியே முடிஞ்சிருமே புள்ள."

அதுதான் சிக்கல். பயிற்சி தினமும் சாயங்காலம். மூன்று மாதம் கழித்து அரங்கேற்றம். வாத்தியார் காசு வாங்குகிறவர் இல்லை. அதனால் கண்டிப்பு அதிகம். "பழக்கத்துக்கு வராதவங்க அரங்கேத்தத்துல நிக்க முடியாதுங்க. வட்டத்துல ஒருத்தர் தடுமாறுனா பின்னால வர்றவங்க அத்தனை பேரும் தடுமாறுவாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அலுவலகத்தில் வேறு ஆள் போடச் சொல்லிக் கேட்கலாம் என்றால் சின்னண்ணன் அய்யா புது ஆளை நம்புகிறவர் அல்ல. புதுக் கோழியையே பத்து நாள் தனியாக வைத்துப் பார்க்கிறவர்.

செய்ததைப் பதிவு செய்து திரும்பத் தானே செய்யும் மேக்ரோவை அவள் தேடிப் போகவில்லை. எக்செல்லில் எங்கேயோ அமுக்கப்போய் 'ரெக்கார்ட்' என்று ஒன்று கண்ணில் பட்டது. அமுக்கினாள். வழக்கம்போல ஒரு தாளுக்குப் பக்க அமைப்பைச் செய்து முடித்து நிறுத்தினாள். திறந்து பார்த்தால், அவள் செய்த ஒவ்வொன்றையும் அந்தக் கம்ப்யூட்டர் வரிவரியாக எழுதி வைத்திருந்தது! பக்கத்தைத் திருப்பியது ஒரு வரி, ஓரம் விட்டது நாலு வரி. செய்யாததைக்கூட எழுதியிருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் இது பார்த்துக்கொண்டா இருந்தது?

அன்று முதல் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் கைபேசியில் தமிழில் மேக்ரோ சொல்லிக்கொடுக்கும் காணொளிகள்தான். பதிவு செய்தது ஒரே ஒரு தாளுக்குத்தான் செல்லும். எல்லாத் தாளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் செய் என்று சுற்று ஒன்று தனியாக எழுத வேண்டும் என்று தெரிந்தது. எழுதினாள். ஓட்டினாள். கம்ப்யூட்டர் திணறித் திணறி, ஒரு தாளுக்கு ஒரு வாய்ப் பாக்கு மெல்லும் நேரம் எடுத்தது. ஏனென்றால் பக்க அமைப்பில் ஒவ்வொரு வரியும் பிரிண்டரிடம் போய், செய்யட்டுமா செய்யட்டுமா என்று கேட்டுவிட்டு வருகிறது. வேண்டாத வரிகளையெல்லாம் களை பறிக்கிற மாதிரிப் பறித்துப் போட்டாள். கொஞ்சம் வேகம் கூடியது. அப்போதும் ஓடி முடிகிற வரை திரை அசையாமல் உறைந்துதான் நிற்கும். நின்றால் நிற்கட்டும், முடிந்தால் சரி என்று விட்டாள்.

முதல் வாரம் பிள்ளையார் பிடிக்கக் குரங்காகத்தான் முடிந்தது. அகலமும் ஒரு பக்கம், நீளமும் ஒரு பக்கம் என்று அடக்கச் சொல்லிவிட்டாள். வரிகள் அதிகமுள்ள ஷெட்டுக்கு எழுத்து கடுகாய்ப் போயிற்று. பண்ணை மேஸ்திரி சடையன் மறுநாளே போன் போட்டார்.

"ஏனுங்கம்மிணி, இந்த வாரம் காயிதத்துல எறும்பு ஊர்றாட்டம் இருக்குதுங்க. எளுத்தாங்க இது?"

"மன்னிச்சுக்கங்ண்ணா. நாந்தான் இறுக்கிப்போட்டேன்."

"கோழி கொத்திப் பாக்குதுங்க, தீவனம்னு நெனச்சு."

அகலம் மட்டும் ஒரு பக்கம், நீளம் எத்தனை பக்கம் போனாலும் போகட்டும் என்று மாற்றினாள். எழுத்து பழையபடி ஆயிற்று, செத்த கோழியும் உயிரோடிருக்கிற கோழியோடு ஒரே காகிதத்துக்கு வந்து சேர்ந்தது. திரையில் பெரிதாக மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தான் வைத்தாள். அமுக்கினால் இருபத்தெட்டுத் தாளும் வரிசையாகப் பிரிண்டரிலிருந்து இறங்கும். வேலை முடிந்தது என்று நினைத்தாள். சின்னண்ணன் அய்யாவை மறந்துபோனாள்.

அய்யாவுக்கு ராகு காலம் என்றால் உயிர். ஒரு கோடையில் ஷெட் காகிதத்தை ராகு காலத்தில் பிரிண்ட் எடுத்துவிட்டார்கள்; அந்த வாரமே கோழி கொத்துக்கொத்தாகச் செத்தது. வெயிலுக்குச் செத்தது என்று டாக்டர் சொன்னார். ராகுவுக்குச் செத்தது என்று அய்யா சொன்னார். இரண்டு பேரிடமும் சாட்சி இல்லை. ஆனால் சம்பளம் கொடுப்பவர் அய்யா. அன்றிலிருந்து ராகு காலத்தில் ஷெட் காகிதம் அடிக்கக் கூடாது. சுவரில் தினசரிக் காலண்டரும் அதற்கு நேர் மேலே கடிகாரமும் மாட்டினார். மஞ்சள் பொத்தானைக் காட்டியதும் அவர் முகம் மலரவில்லை, சுருங்கியது.

"எல்லாஞ் செரி அம்மிணி. நீயாயிருந்தா காலண்டரப் பாத்து அடிப்ப. இது பொத்தான். நீ இல்லாத நேரத்துல எவனாச்சும் ராகு காலத்துல அமுக்கிப்போட்டான்னா?"

சுகன்யாவுக்கு அன்று புத்தி நன்றாக வேலை செய்தது. "ராகு காலத்துல அமுக்குனா ஓடாதாட்டம் பண்ணிப்போடறேனுங்கய்யா. அப்படிப் பண்ணுனா, வேலை முடிஞ்ச அன்னைக்கு அஞ்சரைக்கு நாங் கெளம்பலாமுங்களா? கும்மி பழகப் போவணுமுங்க."

அய்யா யோசித்தார். "ஆரம்பிச்சு பாதியில ராகு காலம் வந்துட்டா?"

"அதையும் பாத்துக்கறேனுங்க."

ஏழு கிழமைக்கும் காலண்டரைப் பார்த்து நேரம் எழுதினாள். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று எல்லாம். ஒவ்வொரு தாளையும் தொடுவதற்கு முன்பு மணி என்ன என்று பார்க்கும். ராகு காலமாக இருந்தால் நின்றுவிடும். தமிழில் அறிவிப்பு எழுதப் பார்த்தாள்; எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்தது. ஆங்கில எழுத்தில் 'ராகு காலம், பொறுங்க' என்று எழுதிவைத்தாள். உலகத்தில் பக்க அமைப்புக்கு மேக்ரோ எழுதியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதற்குள் ராகுவை உட்காரவைத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அய்யா ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வேண்டுமென்றே அவளை அமுக்கச் சொல்லிப் பார்த்தார். பொத்தான் மறுத்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் அவளை அஞ்சரைக்குக் கிளம்பச் சொல்லி, எல்லாருக்கும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார்.

மிச்சமிருந்த இரண்டு மாதமும் சுகன்யா பறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் மைதானத்தில் நுழையும்போதே மக்காச்சோளத் தூசியெல்லாம் உதிர்ந்துவிடும். முதலில் கை தட்டினால் கால் நிற்கும்; கால் போனால் கை மறக்கும். முத்தாயம்மாள் பின்னாலிருந்து இடுப்பில் குத்துவாள். மூன்றாவது வாரத்தில் கையும் காலும் சேர்ந்தன. வீட்டில் தோசை ஊற்றும்போதுகூட அடியெடுத்து வைத்தாள். மணிமாறன் தட்டோடு உட்கார்ந்து, "தோசை எப்ப அரங்கேத்தம்?" என்பான். அவளுக்குச் சிரிப்பு வரும். நல்ல நாட்கள் அவை.

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மதியம் சாப்பிட்டு முடித்து, அரக்கு நிறச் சேலையை மடித்துப் பையில் வைக்கும்போது போன் வந்தது. அய்யா.

"அம்மிணி, பக்கத்துப் பண்ணையில வெள்ளைக்கழிச்சல் கண்டிருக்குதாமா. டாக்டர் ஊசித் தேதியெல்லாம் முன்னால கொண்டாந்துட்டாரு. நாளைக்கு விடியால ஊசிக்காரங்க வந்துருவாங்க. இன்னைக்கே தீவன லாரியில காயிதம் போயாவணும். ஒரு எட்டு வந்துட்டுப் போ சாமி."

வெள்ளைக்கழிச்சல் விளையாட்டல்ல, வந்தால் ஷெட் ஷெட்டாகக் காலியாகும். பொத்தானை அமுக்கினால் முடிந்தது, போய்விட்டு வந்துவிடலாம் என்று சேலைப் பையோடு கிளம்பினாள். ஆனால் அங்கே போனால் இணையம் நத்தையாய் இழுத்தது. டாக்டர் அனுப்பிய தேதிகளை மென்பொருளில் ஏற்றி, கோப்பை இறக்கி, பொத்தானை அமுக்கும்போது நாலரை ஆக இரண்டு நிமிஷம்தான் இருந்தது. காகிதம் இறங்கியது. ஒன்று, இரண்டு, ஐந்து. பன்னிரண்டாவது ஷெட்டோடு நின்றது.

ராகு காலம், பொறுங்க.

ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு. விடுமுறை நாள் ஆகையால் இதுவரை ஒருமுறையும் அந்த வரிக்கு வேலை வந்ததில்லை. சுகன்யா பழக்க தோஷத்தில் அறிவிப்பை மூடிவிட்டு உட்கார்ந்தாள். எதிரே சுவரோரம் நாற்காலியில் அய்யா.

"பாத்தியா, ஞாயித்துக்கெழமைகூட மறக்கலையே!" என்று பொத்தானைப் பாராட்டினார். "ஆறு மணிக்கு மேல அடிச்சுக்கலாம். டீ சொல்லட்டுமா?"

ஆறு மணி. அரங்கேற்றமும் ஆறு மணிக்குத்தான். அவர்களும் ராகு காலம் முடியட்டும் என்றுதான் ஆறு என்று வைத்திருந்தார்கள். ஆறு அடித்ததும் வாத்தியார் பூசை போட்டு, ஒவ்வொருவருக்கும் தன் கையால் சலங்கை எடுத்துக் கொடுப்பார். சலங்கை வாங்க நிற்காதவர்கள் வட்டத்துக்குள் வர முடியாது. ஒரே ராகு, இரண்டு வேலையையும் பிடித்து ஒரே நிமிஷத்தில் கட்டிவைத்துவிட்டது.

சுகன்யா அவர் பக்கம் திரும்பினாள். "அய்யா, ஒண்ணு சொல்றேனுங்க. ஏர் பூட்டுனது ராகு காலத்துக்கு முன்னன்னா, நேரம் வந்துருச்சுன்னு பாதி உழவுல மாட்ட அவுத்து உடுவீங்களாங்க? ஆரம்பந்தானுங்களே கணக்கு. இது நாலரைக்கு முன்னாலயே ஆரம்பிச்சதுங்க."

அய்யா மீசையைத் தடவினார். விவசாயி அல்லவா, ஏர் என்றதும் யோசித்தார். "ஞாயந்தான். இத்தன நாளா எனக்குத் தோணவே இல்ல பாரு. பாதியில நிக்கச் சொன்னது தப்புத்தான்." அவள் கை மவுசுக்குப் போனது. "ஆனா இப்பத்தான் ஏரு நின்னுபோச்சே அம்மிணி. மறுக்கா பூட்டுனா அது புதுப் பூட்டுத்தான்."

அவள் மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். ஏனென்றால் அது சரி.

அய்யா லாரி டிரைவரிடம் பேச வெளியே போனார். சுகன்யா மேக்ரோவைத் திறந்தாள். ராகு காலம் பார்க்கிற வரிக்கு முன்னால் ஒரு சின்ன ஒற்றை மேற்கோள் குறி போட்டால் போதும், அந்த வரி தூங்கிவிடும். இரண்டு நிமிஷத்தில் காகிதம் மொத்தமும் இறங்கிவிடும். அய்யாவுக்கு எதுவும் தெரியாது. விரலை அந்தக் குறியின் விசை மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அமுக்க முடியவில்லை. அந்த வரியைப் போடுகிறேன் என்று சொல்லித்தான் அவள் சாயங்காலங்களை வாங்கியிருந்தாள். அதே வரியைத் திருட்டுத்தனமாக எடுப்பது எப்படி? அதோடு, உண்மையைச் சொல்வதானால், அவளுக்கும் உள்ளூர ஒரு கால் பங்கு பயம் இருந்தது. நாளைக்கு ஊசி போட்டும் கோழி செத்தால்? ஊருக்குள் பிறந்து வளர்ந்தவள்தானே அவளும்.

விரலை எடுத்தாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. இந்த முறை காகிதத்தின் மேல் இல்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள்.

"அய்யா, ஆறு மணிக்கு நீங்களே அமுக்குங்க. நாங் கெளம்பறேன்."

"நானா?" அய்யா பாம்பை மிதித்தவர் போலத் திரும்பினார். "அந்த மவுசக்கூட நாந் தொட்டதில்லையே!"

"ரெண்டு மாசமா தெனமும் போயிப் பழகியிருக்கறனுங்க. எனக்கு இது வேணுங்கய்யா." குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று பேசினாள். "பத்துப் பேர் செய்யற வேலையாட்டம் தெரியும், ஆனா அமுக்கறது ஒண்ணுதானுங்க. வாங்க, காட்டறேன்."

அவரைக் கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். சுட்டும் அம்பை மஞ்சள் பொத்தானின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். "நகத்தாதீங்க. ஆறு அடிச்சதும் ஆள்காட்டி விரலால இங்க ஒரு தரம். அவ்வளவுதானுங்க." அவர் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், தெரியாமல் பட்டுவிடக் கூடாதே என்று.

"ராகு காலத்துல கெளம்பறயே அம்மிணி!"

"நான் ஊட்ட உட்டுக் கெளம்புனது ரெண்டரைக்குங்க. இன்னும் ஊடு திரும்பல. இது அந்தப் பயணந்தானுங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஏரு நிற்காத வரைக்கும் அவர் நியாயம் அவளுக்கும் நியாயம்தான்.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் அரக்குச் சேலையில் வரிசை கட்டி நின்றிருந்தார்கள். முத்தாயம்மாள் அவளைப் பிடித்துக் கோயில் மடப்பள்ளிக்குள் தள்ளி, சேலையைச் சுற்றி, ஊசி குத்தி, தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி வைத்தாள். "எங்கடி போய்த் தொலைஞ்ச? வாத்தியாரு உம் பேரச் சொல்லி ரெண்டு தரம் கூப்புட்டாரு. வந்துக்கிட்டே இருக்கறாங்கன்னு புளுகி வெச்சிருக்கறேன்." வாத்தியார் முறைத்தார், முறைத்தபடியே தாம்பாளத்திலிருந்து சலங்கையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

முதல் பாட்டில் அவள் உடம்பு வட்டத்தில் இருந்தது, மனசு மேசையில் இருந்தது. அமுக்கினாரா? அம்பை நகர்த்திவிட்டாரா? காகிதம் தீர்ந்திருக்குமா? இரண்டாம் பாட்டில் பயம் கொஞ்சம் பின்னால் விழுந்தது. மூன்றாவதில் சலங்கைச் சத்தம் எல்லாம் ஒரே சத்தமாகச் சேர்ந்தது. யார் கால் எது என்று தெரியவில்லை. அப்போது அவள் எதையும் நினைக்கவில்லை. வேண்டும் என்று கேட்டாள், கிடைத்தது, ஆடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் மணிமாறன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இலக்கியாவுக்கு நேரலையாகக் காட்டுகிறானாம்.

நடுவில் இளைப்பாற விட்டார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மைதானத்து ஓரத்தில் தீவன லாரி வந்து நின்றது. அய்யா இறங்கினார். கை நிறையக் காகிதக் கட்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்கள் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கித் தயங்கி வந்தார். சுகன்யா தண்ணீரை வைத்துவிட்டு எதிரே போனாள்.

"தப்பா வந்துருச்சுங்களா?"

"தெரியல அம்மிணி. அமுக்குனேன். ஒண்ணுமே நடக்கல, அப்படியே நின்னுது. செரி, அமுங்கலையாட்ட இருக்குதுன்னு மறுக்கா அமுக்குனேன். அப்புறம் இன்னொருக்கா." காகிதத்தை நீட்டினார். "மூணு கட்டு வந்துருச்சு. இதுல எது செரியான கட்டு? அது தெரியாம எப்படி லாரிய அனுப்பறது?"

சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினாள். எல்லாம் படுக்கைவாட்டில், அகலம் ஒரே பக்கத்தில், புதுத் தேதிகளோடு, செத்த கோழிக் கட்டம் ஓரத்தில் பத்திரமாக. மூன்று கட்டும் ஒன்றுபோலவே இருந்தன. அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"மூணுமே செரிதானுங்கய்யா. எதை வேணும்னாலும் அனுப்புங்க."

"செரியா இருக்குதா? நாந்தான் அமுக்குனேன்!" என்றார், அவள் ஏதோ வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருப்பது போல. பக்கத்தில் நின்ற முத்தாயம்மாளிடமும் சொன்னார். "நாந்தான் அமுக்குனனுங்க. ஆறு மணி அடிச்சு ரெண்டு நிமிசம் பொறுத்து."

ஒரு கட்டை லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்பினார். லாரி போனதும் திரும்பி வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மிணி, இனிமே கோப்ப எறக்கிக் குடுத்துட்டு நீ அஞ்சு மணிக்கே கெளம்பிரு. நேரம் பாத்து அமுக்கறது என்னோட வேலை."

"தெனமுங்களா?"

"தெனமுந்தான். ஒரு பொத்தான் அமுக்கறதுக்கு ஆள நிக்க வெப்பாங்களா?"

சுகன்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண்ணில் தண்ணீர்தான் முதலில் வந்தது. அதற்குள் வாத்தியார் வட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அய்யா ஒரு கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். மிஞ்சிய கட்டைத் தரையில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்து கடைசிப் பாட்டு வரை பார்த்தார். இனி வரப்போகிற சாயங்காலங்களை எல்லாம் நினைத்துக்கொண்டே ஆடியதில் சுகன்யாவுக்கு ஒரு இடத்தில் அடி தவறியது. பின்னால் வந்த முத்தாயம்மாள் மட்டும் அதைப் பார்த்தாள். இடுப்பில் குத்தாமல், சிரித்துக்கொண்டு தன் அடியையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டாள்.